பிழை காட்டும் பொத்தான்

2020 செப்டம்பரில் கொலம்பியாவைச் சேர்ந்த ஒருவர் ஃபேஸ்புக்கில் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். அந்நாட்டுக் காவல்துறையின் சின்னம் போலவே வரைந்த படம். சீருடை அணிந்த மூவர் தடியைத் தலைக்கு மேல் ஓங்கியிருக்கிறார்கள். தரையில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். பக்கத்தில் ஒரு புத்தகமும் பென்சிலும். நாட்டின் பெயரோடு ‘தடியும் உதையும்’ என்று பொருள்படும் ஸ்பானிய வாசகம். காவல்துறை வன்முறையை எதிர்த்து அந்நாட்டில் போராட்டங்கள் நடந்த மாதம் அது. பதிவு பதினாறு மாதங்கள் அங்கேயே இருந்தது. 2022 ஜனவரியில் திடீரென்று நீக்கப்பட்டது.

இதே படத்தைப் போட்ட வேறு பலரின் பதிவுகளும் நீக்கப்பட்டன. அவர்களில் 215 பேர் மேல்முறையீடு செய்தார்கள். 98 சதவீத முறையீடுகள் வென்றன. அதாவது, இரண்டாவது முறை பார்த்தபோது ஏறக்குறைய எல்லாப் பதிவுகளைப் பற்றியும் ‘இதில் தவறில்லை’ என்பதே முடிவு. இருந்தும் அந்தப் படத்துக்கு விழுந்த தடை நீங்கவில்லை. ஒரு முடிவு தவறு என்று இருநூறு தடவைக்கு மேல் தெரிந்த பிறகும் அதே தவற்றை ஓர் அமைப்பு எப்படித் திரும்பத் திரும்பச் செய்கிறது?

இதற்கு விடை காண, பதிவுகளை நீக்குவது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இணையக் குழுமங்களில் பதிவுகளைக் கண்காணித்து விதிகளை அமல்படுத்துபவரை மட்டுறுத்துநர் என்கிறோம். சிறு குழுமங்களில் அவர் நமக்குத் தெரிந்த மனிதர். கோடிக்கணக்கானோர் எழுதும் தளங்களில் முதல் மட்டுறுத்துநர் பெரும்பாலும் இயந்திரம்தான். அது இரண்டு வழிகளில் வேலை செய்கிறது.

முதல் வழி, பொருத்திப் பார்ப்பது. ஒரு மனிதப் பரிசீலகர் ஒரு படத்தைத் தடைக்குரியது என்று முடிவு செய்ததும் அந்தப் படத்தின் சுருக்கக்குறி ஒரு தரவு வங்கியில் சேமிக்கப்படுகிறது. சுருக்கக்குறி உருவாகும் விதத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். படத்தின் வண்ணத்தை நீக்கி, சின்னஞ்சிறு கட்டங்களாகச் சுருக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் படத்தின் சராசரியைவிட வெளிச்சமாக இருந்தால் 1, இருட்டாக இருந்தால் 0. கடைசியில் மிஞ்சுவது 0, 1 அடங்கிய ஒரு நீண்ட வரிசை. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் வெளிச்சத்தைக் கூட்டினாலும் இந்த வரிசை அதிகம் மாறாது. எனவே புதிதாக வரும் படத்தின் வரிசையும் வங்கியில் உள்ள வரிசையும் ஒருசில இடங்களில் மட்டுமே வேறுபட்டால் இரண்டும் ஒரே படம் என்று இயந்திரம் முடிவு செய்கிறது. ஃபேஸ்புக் 2019-இல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட ‘பிடிக்யூ’ என்ற முறையில் இந்த வரிசையின் நீளம் 256 இடங்கள்.

இந்தத் தொழில்நுட்பம் பரவலானது ஒரு நல்ல காரணத்துக்காக. 2009-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் சேர்ந்து ‘ஃபோட்டோடிஎன்ஏ’ என்ற முறையை உருவாக்கினார்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள் மறுபடி மறுபடி பகிரப்படுவதைத் தடுப்பதே நோக்கம். அத்தகைய படம் எந்தச் சூழலிலும் ஏற்கத்தக்கதல்ல என்பதால், ‘இது அதே படம்தானா’ என்ற ஒரு கேள்வி போதும். அரசியல் கேலிச்சித்திரத்துக்கு அந்தக் கேள்வி போதாது. யார் போட்டார், எதை விமர்சிக்கிறார், என்ன எழுதிப் போட்டார் என்பதெல்லாம் 0, 1 வரிசையில் இடம்பெறுவதே இல்லை. சூழல் தேவைப்படாத குற்றத்துக்காகப் பிறந்த கருவியை, சூழலே எல்லாமுமான பேச்சுக்குப் பயன்படுத்துவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

கொலம்பியாவில் நடந்தது இதுதான். யாரோ ஒரு பரிசீலகர் அந்தக் கேலிச்சித்திரத்தைத் தவறாக வங்கியில் சேர்த்துவிட்டார். சேர்த்த கணத்திலிருந்து அது ஒரு மனிதரின் ஒரு பிழையாக இல்லை. அந்தப் படம் தளத்தில் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் தானாக நிகழும் பிழையாகிவிட்டது. முறையிட்டவர்களின் பதிவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆனால் அந்தத் தீர்ப்புகள் வங்கியை எட்டவில்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் தனி அமைப்பான மேற்பார்வைக் குழு இந்த வழக்கைக் கையில் எடுத்த பிறகுதான் படம் வங்கியிலிருந்து அகற்றப்பட்டது. முறையீடுகள் அதிகமாக வந்து அதிகமாக வெல்லும் படங்களை வங்கியிலிருந்து எடுப்பது பற்றி நிறுவனம் உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2022 செப்டம்பரில் குழு பரிந்துரைத்தது.

முறையீடு என்றதும் நமக்குத் தோன்றுவது தனிமனித நியாயம்: எனக்கு அநீதி நடந்தது, சரிசெய்யுங்கள். அது முக்கியம்தான். ஆனால் முறையீட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. நீக்கப்பட்ட பதிவு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது; அதோடு அதை நீக்கியது பிழையா என்ற தகவலும் மறைகிறது. அந்தப் பிழை தன்னைத் தானே வெளியே காட்டிக்கொள்ள இருக்கும் முக்கியமான வாசல் முறையீடு. அமைப்புக்கு அது ஓர் அளவுகருவி.

இயந்திரத்தின் இரண்டாவது வழிக்கு வருவோம். வங்கியில் இல்லாத புதிய பதிவுகளைப் பார்த்து, இது விதிமீறலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடும் நிரல் ஒன்று உண்டு. அதை வகைப்படுத்தி என்பார்கள். ஏற்கெனவே மனிதர்கள் தரம்பிரித்த லட்சக்கணக்கான பதிவுகளைப் பார்த்துப் பழகிய நிரல் அது. மதிப்பெண் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் பதிவு நீக்கப்படும். வரம்பைத் தாழ்த்தினால் கெட்ட பதிவுகள் நிறைய பிடிபடும், கூடவே நல்ல பதிவுகளும் மாட்டிக்கொள்ளும். உயர்த்தினால் நல்லவை தப்பும், கெட்டவையும் தப்பிவிடும். முதல் வகைப் பிழையை வீண்பழி என்றும் இரண்டாவதைக் கோட்டைவிடல் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே நிரலில் வரம்பை மட்டும் மாற்றி இரண்டையும் ஒருசேரக் குறைக்க முடியாது.

வீண்பழி நாம் நினைப்பதைவிடப் பெருகுவதற்கு இன்னொரு காரணம் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ஒரு லட்சம் பதிவுகளில் உண்மையிலேயே விதிமீறுபவை 100 மட்டுமே என்று கொள்வோம். நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் அருமையான நிரல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது 100 கெட்ட பதிவுகளில் 99-ஐப் பிடித்துவிடும். மீதி 99,900 நல்ல பதிவுகளில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகப் பிடிக்கும், அது 999. ஆக, நீக்கப்பட்ட 1,098 பதிவுகளில் பத்துக்கு ஒன்பது குற்றமற்றவை! நிரல் மோசமில்லை. தேடப்படுவது அரிதானது, அவ்வளவுதான். அரிய நோய்க்கு ஊரிலுள்ள எல்லோரையும் பரிசோதிக்கும்போது மருத்துவர்கள் சந்திக்கும் அதே கணக்கு. ‘எங்கள் நிரல் 99 சதவீதம் துல்லியம்’ என்று யாராவது சொன்னால், நீக்கப்பட்டவற்றில் எத்தனை சதவீதம் சரி என்று தனியாகக் கேட்க வேண்டும்.

வரம்பை மாற்றினால் என்ன ஆகும் என்பதை 2020-இல் உலகமே பார்த்தது. கொரோனாப் பரவலால் மனிதப் பரிசீலகர்கள் அலுவலகம் வர முடியாத நிலை. கெட்டவற்றைக் கோட்டைவிடுவதா, நல்லவற்றை நீக்கும் ஆபத்தை ஏற்பதா என்ற கேள்வி வந்தபோது யூடியூப் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து இயந்திரத்துக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை 1 கோடியே 14 லட்சம் காணொளிகள் நீக்கப்பட்டன. முந்தைய காலாண்டில் சுமார் 61 லட்சம். முறையீடுகளும் இரட்டித்தன. வென்றவற்றின் விகிதம் நான்கில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றாக ஏறியது. முந்தைய காலாண்டில் திரும்பி வந்தவை ஏறத்தாழ 41,000. இப்போது 1,60,000-க்கும் மேல். இந்த எண்களைப் பார்த்துத்தான் யூடியூப் சில மாதங்களில் மனிதர்களிடம் கூடுதல் வேலையைத் திரும்பக் கொடுத்தது.

அதே காலாண்டில் ஃபேஸ்புக்கில் வேறொன்று நடந்தது. ஆள் பற்றாக்குறையால் பல நேரங்களில் முறையீடு செய்யும் வசதியையே தர முடியவில்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதன் அறிக்கையில் முறையீடுகளின் எண்ணிக்கை சரிந்தது. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு, மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்றுகூடத் தோன்றலாம். உண்மையில் பிழைகள் குறைந்தனவா, கூடினவா என்பதைச் சொல்லக்கூடிய கருவிதான் அப்போது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இந்த இரு நிறுவனங்களின் எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முறையீடு ஏன் அளவுகருவி என்பது விளங்கும்.

ஆனால் இந்தக் கருவி நேராக அளப்பதில்லை. அதைப் படிக்கவும் பழக வேண்டும். யூடியூபில் நீக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவானவற்றுக்கே முறையீடு வந்தது. அவற்றில் பாதி வென்றது என்பதால் நீக்கப்பட்ட 1 கோடியே 14 லட்சத்தில் பாதியும் பிழை என்று சொல்லிவிட முடியாது. பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். நன்றாக எழுதியிருந்தோம், மதிப்பெண் குறைந்துவிட்டது என்று உறுதியாக நம்புகிறவர்கள், கட்-ஆஃப் ஓரிரு மதிப்பெண்ணில் கைநழுவியவர்கள், கட்டணம் கட்ட முடிந்தவர்கள், கடைசித் தேதி தெரிந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மதிப்பெண் கூடியது என்றால் மாநிலத்தின் விடைத்தாள்களில் பாதி தவறாகத் திருத்தப்பட்டது என்று அர்த்தமில்லை. விண்ணப்பிக்காத மாணவியின் தாளில் பிழையே இல்லை என்றும் அர்த்தமில்லை. ஒட்டுமொத்தத் திருத்தலின் தரம் தெரிய வேண்டுமானால், கட்டுகளிலிருந்து குருட்டாம்போக்கில் சில நூறு தாள்களை உருவி, வேறு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்த வேண்டும். அந்த ஆசிரியருக்கு முதல் ஆசிரியரின் சிவப்பு மை கண்ணில் படக் கூடாது.

புள்ளியியலாளர்கள் இதைத் தேர்வுச் சாய்வு என்கிறார்கள்: அளக்கப்படும் கூட்டம் தானாக முன்வந்த கூட்டமாக இருந்தால் அளவு சாய்ந்துவிடும். இணையத்தில் இந்தச் சாய்வு இரண்டு பக்கமும் இழுக்கிறது. தப்பு செய்தோம் என்று தெரிந்தே முறையிடுபவர்கள் உண்டு. அவர்கள் வெற்றி விகிதத்தைக் கீழே இழுப்பார்கள். ஏன் நீக்கினார்கள் என்றே புரியாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு. ரெடிட் தளத்தில் பதிவு நீக்கப்பட்ட 907 பேரிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய கருத்தாய்வு 2019-இல் வெளியானது. அவர்களில் 37 சதவீதத்தினர், தங்கள் பதிவு எதற்காக நீக்கப்பட்டது என்பதே தெரியவில்லை என்றார்கள். காரணம் தெரியாதவர் எதை மறுத்து வாதாடுவார்? நீக்கும்போது எந்த விதி, எந்த வரி என்று சொல்லாத தளத்தில் முறையீட்டு எண்ணிக்கை குறைவாக இருப்பது நிம்மதி தரும் செய்தி அல்ல.

சிவப்பு மை விஷயம் இன்னும் ஆழமானது. இரண்டாவது பார்வை உண்மையிலேயே இரண்டாவது பார்வையாக இருக்க என்ன வேண்டும்? இங்கிலாந்தில் இடியல் ட்ரோர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இந்த இடத்தில் உதவும். அனுபவமிக்க ஐந்து கைரேகை நிபுணர்களிடம் ஆளுக்கு ஒரு ஜோடிக் கைரேகைகளைக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தந்த நிபுணரே தன் பணியில் ‘இரண்டும் ஒருவருடையதே’ என்று தீர்ப்பளித்த ரேகைகள் அவை. அது அவர்களுக்குத் தெரியாது. 2004 மாட்ரிட் குண்டுவெடிப்பு விசாரணையில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பு தவறாகப் பொருத்திய ரேகைகள் இவை என்று மட்டும் அவர்களிடம் சொல்லப்பட்டது. ஐவரில் நால்வர் தங்கள் பழைய தீர்ப்பிலிருந்து விலகினார்கள். ரேகை மாறவில்லை, முன்கூட்டிக் காதில் விழுந்த ஒரு வாக்கியம் பார்வையை மாற்றியது.

ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பதிவுகளைப் பார்க்க வேண்டிய பரிசீலகரின் திரையில் ‘வெறுப்புப் பேச்சு என்று நீக்கப்பட்டது’ என்ற வரியோடு ஒரு முறையீடு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வெறுப்பைத் தேடித்தான் பார்ப்பார். அதனால்தான், முறையீட்டைப் பார்ப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும், முடிந்தால் முதல் தீர்ப்பு அவருக்குத் தெரியாமலே இருக்க வேண்டும் என்கிறோம். முதல் பாதியைத் தன்னார்வக் குழுமங்கள் பட்டறிவால் எப்போதோ கண்டுகொண்டன. ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை செய்யப்பட்டவர் பொதுவாகத் தன் பேச்சுப் பக்கத்தில் மட்டும் எழுதலாம். அங்கே தடைநீக்கக் கோரிக்கை வைத்தால் தொடர்பில்லாத வேறொரு நிர்வாகி வந்து பார்ப்பார். தடை விதித்தவரே கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்பது நடைமுறை. கோரிக்கையும் பதிலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அந்தப் பக்கத்திலேயே இருக்கும். சம்பளமில்லாத தன்னார்வலர்களால் இதைச் செய்ய முடிகிறது என்பதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

வேறு ஆள் பார்த்தாலும் ஒரே விடை வந்துவிடாது. தமிழிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்து மக்கள் எழுதும் யூடியூப் கருத்துகள் 15,000-க்கும் மேல் திரட்டி, அவை பாராட்டா, சாடலா என்று மனிதர்களே குறித்துக் கொடுத்த தரவுத்தொகுப்பு 2020-இல் வெளியானது. தமிழ் தெரிந்தவர்கள்தான் குறித்தார்கள். அவர்களுக்குள்ளும் முழு உடன்பாடு இல்லை. ‘நீ செத்தடா மச்சி’ என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பன் கல்யாணப் பத்திரிகை போட்ட இடத்தில் அது வாழ்த்து. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே, ‘மச்சி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வந்தால், மிரட்டல். இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? சொல்லில் கொஞ்சம், இடத்தில் மிச்சம். ஆகவே முறையிடுபவர் ‘நான் தப்பு செய்யவில்லை’ என்று மட்டும் எழுதுவதைவிட, யாருக்கு, எதற்குப் பதிலாக, எந்தப் பேச்சுவழக்கில் எழுதினேன் என்று சொல்வது பரிசீலகருக்கு அதிகம் உதவும். முதல் தீர்ப்பில் இல்லாத தகவலை அமைப்புக்குள் கொண்டுவரும் வழி அது.

அந்தத் தகவல் உள்ளே போய் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் பிரேசிலில் கிடைத்தது. 2020 அக்டோபரில் ஒருவர் மெட்டாவின் இன்ஸ்டாகிராம் தளத்தில் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கும் எட்டு ஒளிப்படங்களை ஒரே பதிவாகப் போட்டார். விழிப்புணர்வு மாதம் என்பதால் இளஞ்சிவப்புப் பின்னணி; தலைப்பு போர்த்துக்கீசிய மொழியில். நிர்வாண விதியை மீறியதாகச் சொல்லி இயந்திரம் நீக்கிவிட்டது. அந்த விதியிலேயே மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு விலக்கு உண்டு. படத்தின் மேல் எழுதியிருந்த சொற்களை இயந்திரம் கவனிக்கவில்லை. மேற்பார்வைக் குழு வழக்கை எடுத்ததும் நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு பதிவைத் திருப்பித் தந்தது. பதிவு திரும்பிவிட்டதால் வழக்கு தேவையில்லை என்றும் வாதிட்டது. குழு அதை ஏற்கவில்லை. 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. படத்தின் மேல் உள்ள எழுத்தை இயந்திரம் வாசிக்கும் திறனைக் கூட்டச் சொன்னது.

நிறுவனம் செய்தது. பின்னர் 2023 பிப்ரவரி–மார்ச்சில் முப்பது நாட்களை எடுத்துப் பார்த்தபோது, முன்பு நேராக நீக்கப்பட்டிருக்கக்கூடிய 2,500 பதிவுகள் மனிதப் பரிசீலனைக்குப் போயிருந்தன. தனக்கு இருப்பது புற்றுநோயின் அறிகுறியா என்று தெரியாமல் தேடும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பதிவுகளில் ஒன்று கண்ணில் படுவது எவ்வளவு பெரிய விஷயம்! பதிவு திரும்பியதோடு வழக்கை முடித்திருந்தால் இந்த 2,500-க்கு வழியே இல்லை.

சட்டங்களும் இப்போது இதைப் பேசத் தொடங்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், நீக்கியதற்கான காரணத்தைப் பயனருக்குச் சொல்ல வேண்டும், குறைந்தது ஆறு மாதம்வரை கட்டணமின்றி முறையிட இடம் தர வேண்டும், முறையீட்டை இயந்திரம் மட்டுமே தீர்க்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் 2022 அக்டோபரில் திருத்தப்பட்டன. தளத்தின் குறைதீர் அலுவலரின் முடிவில் திருப்தி இல்லாதவர் முறையிட மூன்று குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களை 2023 ஜனவரியில் மத்திய அரசு அமைத்தது. இவை அரசு அமைத்த குழுக்கள் என்பதால் சுதந்திரம் பற்றிய விவாதம் உண்டு, அது நியாயமான விவாதம். ஆனாலும் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு பயனருக்குத் தளத்துக்கு வெளியே நீதிமன்றம் போகாமல் தட்டக்கூடிய கதவு இது.

இதுவரை சொன்னதெல்லாம் வீண்பழி. கோட்டைவிடலை அளப்பது இதைவிடக் கடினம். ஒரு பெண் தன்னை மிரட்டும் பதிவைப் புகார் செய்கிறாள். ‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று பதில் வருகிறது. பதிவு அப்படியே இருக்கிறது. யாருடைய பதிவும் நீக்கப்படவில்லை என்பதால் இதில் முறையிட ஆளே இல்லை என்று தளங்கள் நெடுங்காலம் நடந்துகொண்டன. அவள்தான் அந்த ஆள். ஐரோப்பியச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, நீக்கப்பட்டவருக்குத் தரும் அதே முறையீட்டு உரிமையைப் புகார் செய்தவருக்கும் தருகிறது. இந்தியக் குழுக்களும் புகார்தாரரின் முறையீட்டை ஏற்கின்றன. இந்த இரண்டாவது வகை முறையீடுகள் எத்தனை வந்தன, எத்தனை வென்றன, எந்த மொழியில் என்று தளங்கள் தனித்தனியாக வெளியிட வேண்டும். வரம்பைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவு நீக்கப்பட்டவர்களின் குரலை மட்டும் கேட்டு எடுக்கப்பட்டால் அதுவும் சாய்ந்த அளவுதான்.